லேக் மெலடி வரலாற்று நடை

“இப்ப நாம நிக்கிறோம் இல்லையா, இந்த இடத்துல ஒரு காலத்துல பெரிய ஏரி இருந்துச்சு” என்று அனுசுயா இரண்டு கைகளையும் அகல விரித்துச் சொல்லி முடிக்கவும், பி பிளாக் வாசலில் நின்றிருந்த வெள்ளைக் கார் கிளம்பவும் சரியாக இருந்தது.

காரில் வந்தவர்கள் பி பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை விலை பேச வந்தவர்கள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, பால்கனியில் நின்று காற்று வாங்கி, பூஜை அறை கிழக்கு பார்த்திருக்கிறதா என்று செல்போனில் திசை பார்த்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் பதினேழு குழந்தைகள் ஒரு பெண்மணியைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, என்னதான் சொல்கிறார் கேட்போமே என்று ஒரு நிமிடம் நின்றார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் ஏரி வந்தது.

வீட்டுக்குச் சொந்தக்காரர் அழகேசன். அடுக்ககச் சங்கத்தின் செயலாளரும் அவரே. காரின் பின்னாலேயே கேட் வரை ஓடினார். அறுபத்து மூன்று வயதுக்கு நன்றாகவே ஓடினார். கார் குத்தம்பாக்கம் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே குழந்தைகள் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

“மேடம், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?”

“நடை இன்னும் முடியலை சார். ஒரு இருபது நிமிஷம்...”

“நடையைக் கட்டச் சொல்றதுக்குத்தான் கூப்பிடுறேன்.”

அனுசுயா ஜெனரேட்டர் அறையின் ஓரமாகப் போய் நின்றாள்.

“ஏரின்னு சொன்னீங்களா?”

“ஆமா சார்.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“நம்ம அபார்ட்மெண்ட் பேரே லேக் மெலடிதானே சார்?”

“அது இங்கிலீஷ் மேடம். இங்கிலீஷ்ல லேக்குன்னா காத்து. தமிழ்ல ஏரின்னா ஆக்கிரமிப்பு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாம பதினாலு வருஷம் எப்படி டீச்சரா இருந்தீங்க?”

கடைசிக் கேள்வி அனுசுயாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினாலு வருஷம் முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். போன வருஷம், வரலாற்றைப் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், டீச்சர் எதற்கு என்று பள்ளி முடிவு செய்தது. அவளுக்கு ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். மற்றவர் கண்ணைப் பார்த்துக் கைகுலுக்குவது எப்படி என்று ஆறாம் வகுப்புக்கு நாற்பது நிமிடம் சொல்லித்தர வேண்டும். ஒரு வாரம் கைகுலுக்கிப் பார்த்தாள். எட்டாம் நாள் கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். யாராவது சமாதானம் சொல்வார்கள் என்று வாசல் வரை மெதுவாகத்தான் நடந்தாள். ஒருவரும் வரவில்லை.

அதன் பிறகு அவள் ஏறி இறங்காத பள்ளி இல்லை. “ஹிஸ்டரியை எங்க பி.டி. சாரே பார்த்துக்கிறார்” என்றது ஒரு பள்ளி. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாராவது தன்னை ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டும், தான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்காக ஆரம்பித்ததுதான் குழந்தைகளுக்கான ஞாயிற்றுக்கிழமை வரலாற்று நடை. இதைப் பார்த்தாவது ஒரு பள்ளி கூப்பிடாதா என்பதும் உள்ளே இருந்தது.

முதல் ஞாயிறு வேன் பிடித்துத் திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கூட்டிப்போய் எருக்க மரத் தூண்களைக் காட்டினாள். வேனில் ஏசி இல்லை என்று நான்கு தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுத்து பூந்தமல்லி. பிள்ளை வெயிலில் கறுத்துவிட்டான் என்று ஒரு தகப்பனார் இரண்டு போட்டோ எடுத்து, முன், பின் என்று எழுதி அனுப்பினார். அதற்கடுத்து திருமழிசை. கோயில் வாசலில் ஒரு ஜோடி ஷூ காணாமல் போயிற்று. “கேட்டைத் தாண்டாம ஹிஸ்டரி எதுவும் இல்லையா மேடம்?” என்று பெற்றோர்களே கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சோழனும் இல்லை, பல்லவனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் இல்லாத வீடு. ஆகவே வரலாறு சுருங்கிச் சுருங்கி, நாலு பிளாக், ஒரு பூங்கா, ஒரு ஜெனரேட்டர் அறை என்று காம்பவுண்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

காம்பவுண்டுக்குள் என்ன வரலாறு இருக்கும்? கட்டிடத்தின் பெயரையும், மழைக்காலத்தில் பேஸ்மெண்டில் முழங்கால் வரை நிற்கும் தண்ணீரையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, அனுசுயா ஏரி என்று தீர்மானித்தாள்.

“இதோ பாருங்க மேடம்” என்றார் அழகேசன். “வர்றவங்க ஏரியைக் கேட்டா ஓடுறாங்க. குரூப்புல ஒரு மறுப்பு போடுங்க. இன்னொரு தடவை உங்களால கம்ப்ளெயிண்ட் வந்தா, காம்பவுண்டுக்குள்ள நடை கிடையாது. பொதுக்குழுவுல தீர்மானமே போட்டுடுவேன்.”

கேட்டுக்கு வெளியே பெற்றோர் விடமாட்டார்கள். கேட்டுக்கு உள்ளே அழகேசன் விடமாட்டார். அனுசுயா தலையாட்டினாள். அன்று மத்தியானமே அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள்: “நமது வளாகம் இருக்கும் இடத்தில் ஏரி இருந்ததாக நான் குழந்தைகளிடம் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்.”

அதுவரை ஏரி விஷயம் பதினேழு குழந்தைகளுக்கும் ஒரு வெள்ளைக் காருக்கும் மட்டுமே தெரியும். இப்போது நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது.

“என்ன ஏரி?” என்றது டி பிளாக்.

“பயப்பட வேண்டாம்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு அர்த்தம்” என்றது ஏ பிளாக்.

சாயங்காலத்துக்குள் குரூப்பில் இருநூறு செய்திகள். யாரோ 2015 வெள்ளத்தில் மூழ்கிய ஏதோ ஊரின் படத்தைப் போட்டு ‘நம் வருங்காலம்’ என்று எழுதியிருந்தார்கள். வேப்பம்பட்டில் இருக்கும் ஒரு வீட்டு புரோக்கர் அழகேசனைக் கூப்பிட்டு, “சார், உங்க வீட்டோட படகு ஒண்ணு சேர்த்துத் தர்றீங்களாமே?” என்று விசாரித்தார்.

அனுசுயாவின் கணவன் சந்தோஷ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குரூப்பை ஆரம்பத்திலிருந்து படித்தான். படித்து முடிக்கும்போது சாம்பார் ஆறிவிட்டது.

“ஏன் அனு, உனக்கு ஒரு யோகா கிளாஸ், ஒரு டிராயிங் கிளாஸ்னு எதுவும் தோணாதா?”

“எனக்குத் தெரிஞ்சது வரலாறுதாங்க.”

“அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நம்ம வீடும் இதே காம்பவுண்டுலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

அடுத்த ஞாயிறு அனுசுயா ஒரு முடிவோடு போனாள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, “போன வாரம் மிஸ் தப்பா சொல்லிட்டேன். இங்க ஏரியே இல்லை. சரியா?” என்றாள்.

ரோஷினி கையைத் தூக்கினாள். ஒன்பது வயது. அழகேசனின் பேத்தி.

“அப்போ பேஸ்மெண்ட்ல தண்ணி எங்கேர்ந்து மிஸ் வருது?”

“அது மழைத் தண்ணிம்மா.”

“பக்கத்து அபார்ட்மெண்ட்லயும் மழை பெய்யுதே மிஸ். அங்க தண்ணி வர்றதே இல்லையே?”

அதற்குள் குழந்தைகள் தாங்களே ஆராய்ச்சியில் இறங்கினார்கள். நடைக்காக அனுசுயா கொடுத்திருந்த வளாக வரைபடத்தில் ஆளுக்கு ஆள் நீல கிரேயானால் ஏரியை வரைந்தார்கள். அவரவர் வீட்டுக்கு நேராக ஒரு மீனும் போட்டார்கள். ரோஷினி தன் தாத்தா விற்க இருக்கும் வீட்டுக்கு நேராக முதலை போட்டாள். எல்லாப் படங்களும் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டன.

திங்கட்கிழமை காலை அழகேசன் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. லிஃப்டில் கிழித்தெடுத்த முதலையை மேஜைமேல் வைத்தார்.

“மேடம், இல்லைன்னு சொன்னா போதாது. அப்போ என்னதான் இருந்துச்சுன்னு பசங்க கேக்கும். கேக்கிறவங்க மனசு குளிர்ற மாதிரி ஏதாவது இருந்திருக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. இல்லேன்னா இதோட சரி.”

மனசு குளிர வரலாறு சொல்கிறவள் டீச்சரா என்று ஒரு கணம் அனுசுயாவுக்குத் தோன்றத்தான் செய்தது. பதினேழு பிள்ளைகள் ‘மிஸ், மிஸ்’ என்று கையைத் தூக்குவதும் கூடவே தோன்றியது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பூங்காவில் கெங்கம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அப்பன் காலத்தில் வயல் வேலை, இவள் காலத்தில் அடுக்ககத்தில் துடைப்பம். இவ்வளவு நாள் ஏடுகளையும் இணையத்தையும் புரட்டிய அனுசுயாவுக்கு, ஊர்க்காரியை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“கெங்கம்மா, இந்த அபார்ட்மெண்ட் கட்டுறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

கெங்கம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். “இன்னாத்துக்கு மிஸ் கேக்கறீங்கோ?”

“பசங்களுக்குச் சொல்றதுக்கு.”

“பசங்களுக்கா?” கெங்கம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “காடு மிஸ்.”

“காடா!”

“ஆமா. எங்க ஊரு ஆளுங்க இன்னும் காட்டாண்டன்னுதான் சொல்லுவாங்கோ.”

“அடர்ந்த காடா? பெரிசா?”

“அந்தாண்ட காவா வரிக்கும் காடுதான். பகல்லயே எவனும் தனியா வரமாட்டான். சாயந்தரம் ஆச்சுன்னா நரி ஊளை உடும். எங்க ஊட்டாண்ட கேக்கும்.”

அனுசுயாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “விறகெல்லாம் கிடைச்சிருக்குமே?”

“வெறகா? வெறகுக்கு இன்னா பஞ்சம்? வண்டி வண்டியா கெடக்கும்.”

“அந்த மூலையில மேடை மாதிரி ஒரு கருங்கல் இருக்கே, அது?”

“பாரத்த தூக்கினு வர்றவங்கோ அதாண்ட எறக்கி வெப்பாங்கோ. கொஞ்ச நேரம் நிப்பாங்கோ. அப்பால தூக்கினு உள்ள பூடுவாங்கோ.”

‘சுமைதாங்கிக் கல்’ என்று அனுசுயா எழுதி, இரண்டு கோடு போட்டாள்.

“அப்புறம் என்ன ஆச்சு கெங்கம்மா?”

“இன்னா ஆவும்? பில்டருங்கோ வந்து வேலி போட்டாங்கோ. எங்களல்லாம் கூவத்தாண்ட போ சொன்ட்டாங்கோ. நாங்க இன்னா பண்றது? போனோம்.” கெங்கம்மாள் மறுபடியும் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். “எங்க அம்மா வரிக்கும் இங்கதான் மிஸ். அப்பால எங்க நைனாக்குக் கூவம்தான்.”

காட்டை நம்பிப் பிழைத்த குடும்பம், ஒரே தலைமுறையில் விரட்டப்பட்டுவிட்டது என்று நினைத்ததும் அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாலு வருஷப் பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாறு, பூங்காவில் துடைப்பத்தோடு நின்றிருக்கிறது. அவள் கெங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் வருத்தப்படுகிறார்களே என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழகேசன் காட்டைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

“காடு! இதைத்தான் மேடம் நான் சொன்னேன். காடுன்னா ஆக்சிஜன். ஏரின்னா கொசு.”

“காட்டை நம்பி இருந்தவங்களை வேலி போட்டு விரட்டின கதையும் இருக்கு சார். அதையும் பசங்களுக்கு...”

“அதெல்லாம் வேணாம். நரியோட நிறுத்திக்குங்க.”

அனுசுயா நரியோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு அது உறுத்தியது. காலையில் அவ்வளவாக உறுத்தவில்லை.

அந்த ஞாயிறு நடை அமோகம். முகத்தில் மான், நரி, முயல் முகமூடிகளோடு முப்பத்தைந்து குழந்தைகள். “இங்க நடந்து வந்தவங்க எல்லாம் இந்தச் சுமைதாங்கிக் கல்லுலதான் பாரத்தை இறக்கி வெச்சு, அப்பாடான்னு இளைப்பாறினாங்க” என்று அனுசுயா சொன்னதும், முப்பத்தைந்து பேரும் தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் அந்தக் கல்மேல் இறக்கி வைத்து ‘அப்பாடா’ என்றார்கள். அதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். மறுநாள் சி பிளாக்கில் ஒரு தாய் தன் பிள்ளையின் முதல் பிறந்தநாள் கேக்கை அந்தக் கல்மேல் வைத்து வெட்டினாள். அழகேசன் சங்கத்தின் சார்பில் கல்லுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, கேட்டில் ஒரு பேனரும் கட்டினார்: ‘லேக் மெலடி. ஒரு காட்டின் மடியில் உங்கள் இல்லம்.’

முகப்பேரிலிருந்தும் ஆவடியிலிருந்தும்கூட பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு போன் வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை, பெயர் வித்யா.

“உங்க ஃபாரஸ்ட் வாக் வீடியோ பார்த்தேன் மேடம். ஜூன்லேர்ந்து எங்களுக்கு ஹிஸ்டரிக்கு ஒரு டீச்சர் வேணும். ஹிஸ்டரிக்கு மட்டும்தான், வேற எதுவும் தர மாட்டோம். வர்ற ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கலாமா?”

அனுசுயா போனை வைத்துவிட்டு சமையலறையில் போய் நின்று அழுதாள். அழுகையின் நடுவில் அவளே சிரித்தாள். சந்தோஷ் எட்டிப் பார்த்து, “நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?” என்று கேட்டான்.

“நல்ல விஷயந்தாங்க.”

“அப்போ இன்னும் ரெண்டு நாள் பொறு” என்றான் அவன். மனிதர்களைத் தெரிந்தவன்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. சி பிளாக்கில் பிரசன்னா என்று ஓர் ஐ.டி. இளைஞன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், அதனால் யோசிக்க நேரம் உள்ளவன். குரூப்பில் ஒரே ஒரு வரி எழுதினான்: “காடு என்றால் வனத்துறை நிலம்தானே? நம் பத்திரம் செல்லுமா?”

அவ்வளவுதான். ஏரிக்கு இருநூறு செய்திகள் வந்தன என்றால் காட்டுக்கு ஐந்நூறு. புல்டோசர் படம் போட்டார்கள். “ஏரின்னா மழைக்காலத்துலதான் பயம், காடுன்னா வருஷம் பூரா பயம்” என்றது ஏ பிளாக். கேக் வெட்டிய தாய், கேக் வெட்டிய வீடியோவை நீக்கினாள். வெள்ளைக் காரில் வந்தவர்கள் காட்டைக் கேள்விப்பட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இப்போது, “எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்கள்.

அழகேசன் இந்தமுறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நீங்கதானே கிளப்பி விட்டீங்க, நீங்களே அடக்குங்க. ஏரியும் இல்லை, காடும் இல்லைன்னு விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் எல்லார் முன்னாடியும் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை.”

“அன்னைக்கு ஒரு ஹெச்.எம். என் நடையைப் பார்க்க வர்றாங்க சார்.”

“வரட்டும். எல்லாரும் வரட்டும்.”

காடு இல்லை என்று சொன்னால் நடை பொய். காடு உண்டு என்றால் நடையே கிடையாது. அனுசுயா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். காடு இருந்தது, ஆனால் வனத்துறைக் காடு இல்லை, ஊர்க்காடு என்று ஒருவர் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. தன் மானமும் போகாது, யார் பத்திரமும் போகாது.

“எங்க பெரீப்பா கீறாரு மிஸ்” என்றாள் கெங்கம்மாள். “துலுக்கானம்னு பேரு. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல முப்பது வருசம் தலையாரியா இருந்தாரு. எந்த நெலம் எவன் கைல இருந்துச்சுன்னு வெரல் நுனில வெச்சினுகீறாரு. இட்டாரட்டா?”

“கூட்டிட்டு வா. இது காடுதான், ஆனா கவர்மெண்ட் காடு இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

“அத்த சொல்றதுக்கு இன்னா மிஸ், ஊருக்கே தெரியுமே.”

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் நாற்காலி போடும் அளவுக்குக் கூட்டம். முன்வரிசையில் வித்யா, மடியில் ஒரு சின்ன நோட்டோடு. பக்கத்திலேயே வெள்ளைக் கார் தம்பதி. பிரசன்னா செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். முகமூடி போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் குழந்தைகள் அதை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அனுசுயா இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள். பள்ளிக்குக் கட்டிப் போகும் புடவை.

துலுக்கானம் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகக் கெங்கம்மாளின் பின்னால் வந்தார். செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டார். அழகேசன் மைக்கைப் பிடித்தார். அனுசுயாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஐயா, இங்க எப்பவாவது ஏரி இருந்துச்சா?”

“ஏரி ரோட்டுக்கு மேக்கால கீது சார். இங்க ஏது ஏரி?”

“பேஸ்மெண்ட்ல வர்ற தண்ணி?”

“அது உங்க டிச்சுத் தண்ணி சார்.”

கூட்டம் கைதட்டியது. சாக்கடைக்கு இவ்வளவு கைதட்டலை லேக் மெலடி அதுவரை கேட்டதில்லை.

“சரி. வனத்துறை நிலமா இது?”

“வனத்துறைக்காரன் இன்னாத்துக்கு இங்க வரான்? மரம் இருந்தாத்தான வருவான்? அந்தா நிக்குது பாரு மூணு வேப்பமரம், அதான் அப்பவும், இப்பவும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெள்ளைக் காரில் வந்தவர் எழுந்து அழகேசனின் கையைக் குலுக்கினார். அனுசுயா மெல்ல முன்னால் வந்து, “ஐயா, அந்த ஊர்க்காடு பத்தி...” என்று ஆரம்பித்தாள். அழகேசன் மைக்கை அவளுக்கு எட்டாமல் தூக்கிக்கொண்டார்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? ஏரி இல்லை. மூணே மூணு மரம், அதனால காடும் இல்லை. எல்லாம் வேலை போய் வீட்டுல சும்மா இருக்கிறவங்க கட்டிவிட்ட கதை. நம்ம பசங்களுக்கு இனிமே இந்தப் பொய் நடை வேணாம். சரிதானே?”

“சரிதான்” என்றது ஏ பிளாக். மற்ற பிளாக்குகளும் சொல்லின.

வித்யா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். “கதை நல்லா சொல்றீங்க மேடம்” என்றாள் தணிந்த குரலில். “ஆனா எங்களுக்குத் தேவை ஹிஸ்டரி டீச்சர்.”

அன்றைக்குப் பள்ளி வாசல் வரை மெதுவாக நடந்தபோது எதிர்பார்த்ததைப்போல, அனுசுயா ஒருவராவது ஏதாவது சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பெற்றோர்கள் செல்போனைப் பார்த்தார்கள். சந்தோஷ் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தைகள்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

ரோஷினி துலுக்கானத்தின் துண்டைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, எங்க மிஸ் பொய் சொன்னாங்களா?”

துலுக்கானம் குழந்தையைப் பார்த்தார். அழுதுகொண்டு நின்ற அனுசுயாவைப் பார்த்தார். இவ்வளவு படித்த ஒரு பெண்ணை இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்பதா என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அழகேசன் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று பிடுங்கினார்.

“யார்யா மிஸ்ஸ பொய்யின்னது? காடுன்னு அவங்க சொன்னது கரீட்டுதான்யா. இன்னா, முன்னால வர்ற ‘சுடு’வ மட்டும் உட்டுட்டாங்கோ.”